ஒட்டுக் கன்றும் வட்டுப் படிமமும்



இன்றைய உரையின் பொருள் கணினி. ஆனால் பேச்சை ரப்பர் மரத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன். பேராக் மாநிலத்துத் தமிழர்களுக்கு எதையும் பால்மரத்தின் வழியாகச் சொன்னால் எளிதில் விளங்கும் என்பது ஒரு காரணம். இந்த இரண்டுக்கும் உண்மையிலேயே நெருங்கிய உறவு இருக்கிறது என்பது மற்றொரு காரணம்.

1877ஆம் ஆண்டில் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் சில நம் கோலாகங்சாரில் நடப்பட்டன. அதன் பிறகு பல ஆண்டுகள் விதை போட்டுத்தான் ரப்பர் பயிரிட்டார்கள். அதில் ஒரு குறை இருந்தது. ஒரே தாய்மரத்து விதைகளிலிருந்து முளைத்த இரண்டு மரங்களில் ஒன்று கோப்பை நிறையப் பால் தரும். மற்றொன்று கோப்பையின் அடியை நனைப்பதோடு நின்றுவிடும். எது எப்படி வளரும் என்று நடும்போதே சொல்ல முடியாது.

1910களில் ஜாவா, சுமத்ரா தீவுகளில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அதுதான் ஒட்டுக் கட்டும் முறை. சாதாரண விதையில் முளைத்த நாற்றின் பட்டையைக் கத்தியால் கீறித் திறந்து, நன்றாகப் பால் தரும் மரத்திலிருந்து எடுத்த மொட்டை அதனுள் வைத்துக் கட்டிவிடுவார்கள். ஒட்டுப் பிடித்ததும் நாற்றின் மேற்பகுதியை வெட்டிவிட்டால், அந்த மொட்டு துளிர்த்துத் தாய்மரத்தின் குணம் மாறாமல் மரமாகிவிடும். வேர் மட்டும் நாற்றினுடையது. மேலே வளர்வதெல்லாம் தாய்மரம். இப்படி ஒரே தாயிடமிருந்து வந்த மரக்கூட்டத்துக்குக் குளோன் என்று பெயர். 1925இல் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இவ்வாறு பல குளோன்களை உருவாக்கியது. அவற்றில் 600 என்ற எண் கொண்ட குளோன் நம் நாட்டில் மட்டுமல்லாமல் தாய்லாந்திலும் கேரளத்திலும் கூடப் பரவியது.

நேயர்களே, இதே வேலையை இன்று கணினியிலும் செய்கிறார்கள். அதற்கும் குளோன் எடுப்பது என்றே பெயர் வழங்குகிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஈப்போவை அடுத்துள்ள நம் ஜெலாப்பாங்கில் ஒரு பள்ளிக்கூடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பள்ளிக்கு முப்பது கணினிகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் இயங்குதளத்தை நிறுவ வேண்டும். கணினியின் எல்லா உறுப்புகளையும் ஆளுகின்ற அடிப்படை மென்பொருளே இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ் என்று நாம் கேள்விப்படுவதெல்லாம் அதைத்தான். அதன் பிறகு பாதுகாப்புப் புதுப்பிப்புகளை ஏற்ற வேண்டும்; அச்சுப்பொறிக்கு உரிய மென்பொருள், ஆசிரியர்கள் பயன்படுத்தும் செயலிகள், தமிழ் எழுத்துருக்கள், தமிழ் விசைப்பலகை ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். ஒரு கணினிக்கு இரண்டு மணி நேரம் என்று கணக்கிட்டாலும் முப்பது கணினிகளுக்கு அறுபது மணி நேரம் ஆகிறது. ஏழெட்டு நாள் வேலை. அவ்வளவு சிரமப்பட்டும் முப்பதும் ஒன்றுபோல் அமையுமா? அமையாது. ஒன்றில் எழுத்துரு விட்டுப்போயிருக்கும். மற்றொன்றில் அச்சுப்பொறி இணைந்திருக்காது. இது விதை போட்டு ரப்பர் வளர்த்த காலத்து நிலைமை.

ஒட்டுக் கட்டும் முறை வேறு. ஒரே ஒரு கணினியை மட்டும் முறையாகத் தயார் செய்வது. அதன் வட்டில் உள்ள அனைத்தையும் ஒரே கோப்பாகப் பிடித்து வைப்பது. பிறகு அந்தக் கோப்பை மற்ற இருபத்தொன்பது கணினிகளின் வட்டுகளிலும் இறக்கிவிடுவது. அந்தக் கோப்பைத்தான் வட்டுப் படிமம் என்று சொல்கிறோம்.

'கோப்புகளை நகலெடுத்து ஒட்டினால் போதாதா? அதற்கு ஏன் தனியாக ஒரு பெயர்?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் கண்ணுக்குத் தெரியும் கோப்புகள் மட்டுமே வட்டு அல்ல. கணினிக்கு மின்சாரம் வந்தவுடன் எங்கிருந்து தொடங்குவது என்று காட்டும் தொடக்கப் பகுதி ஒன்று வட்டில் இருக்கிறது. வட்டு எத்தனை பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணை இருக்கிறது. கண்ணுக்குக் காட்டாமல் மறைத்து வைத்த பிரிவுகளும் இருக்கின்றன. மேலும், இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புகளில் பல திறந்த நிலையிலேயே இருக்கும். சாதாரண முறையில் நகலெடுத்தால் இவையெல்லாம் விட்டுப்போகும். அப்படி எடுத்த நகலிலிருந்து கணினி எழுந்திருக்காது. வட்டுப் படிமம் இவை அனைத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது.

இந்தத் தொழிலை எளிமையாக்கியவர்களில் நியூசிலாந்து நாட்டின் முர்ரே ஹசார்டு குறிப்பிடத் தக்கவர். அவர் 1995இல் ஆக்லாந்து நகரில் கோஸ்ட் என்ற மென்பொருளை எழுதினார். 1998இல் சைமன்டெக் நிறுவனம் அதை வாங்கியது. அந்நாளில் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கணினி பழுது பார்ப்பவர்கள், 'கோஸ்ட் அடித்துவிடுங்கள்' என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் பழகிவிட்டது. பின்னர்த் தைவானில் உள்ள தேசிய உயர்திறன் கணிப்பு மையம் குளோன்சில்லா என்ற மென்பொருளை உருவாக்கி இலவசமாக வழங்கியது. ஃபாக் என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருள் 2007 முதல் கிடைக்கிறது. ஆகவே, பணமில்லாத சிறு பள்ளிக்கும் இந்த வசதி எட்டாக்கனி அல்ல.

இதன் பயன் எவ்வளவு பெரிது என்பதற்குத் தமிழ்நாட்டையே சான்றாகக் காட்டலாம். அங்கே 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. பல இலட்சம் மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. முதலில் வந்தவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸ் இயங்குதளமும் சேர்ந்தே இருந்தன. அத்தனை இலட்சம் இயந்திரங்களில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறுவ முடியுமா? அவ்வளவு பெரிய எண்ணிக்கையில் படிம முறையைத் தவிர வேறு வழியில்லை.

இனி, செய்முறைக்கு வருவோம். ஒட்டுக் கட்டுவதில் கைதேர்ந்தவர்கள் ஒன்று சொல்வார்கள்: மொட்டு எடுக்கும் மரம் சரியில்லை என்றால் கை எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. கணினிக்கும் அதுவே விதி. படிமம் பிடிப்பது அரைமணி நேர வேலை. தாய்க் கணினியைத் தயார் செய்வதுதான் உண்மையான வேலை.

தாய்க் கணினியில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுங்கள். புதுப்பிப்புகள் அனைத்தையும் ஏற்றுங்கள். எல்லாருக்கும் வேண்டிய செயலிகளை மட்டும் சேருங்கள். தமிழ் எழுதும் வசதியை மறக்க வேண்டாம். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருள் முதல், 1999இல் சென்னை மாநாட்டில் ஏற்கப்பட்ட தமிழ் 99 விசைப்பலகை வரை, தமிழ்க் கணிமைக்காகப் பலர் உழைத்திருக்கிறார்கள். ஒரு தமிழ்ப்பள்ளியின் கணினியில் மாணவன் தமிழில் தட்டச்சு செய்ய முடியாமல் போனால் அந்த உழைப்பு அவனுக்கு எட்டாமல் போய்விடுகிறது. தாய்க் கணினியில் ஒருமுறை சேர்த்துவிட்டால் முப்பது கணினிகளிலும் தமிழ் இருக்கும். அதில் விட்டுவிட்டால் முப்பதிலும் இராது.

அடுத்து, தாய்க் கணினியிலிருந்து எதை நீக்க வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். படிமத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. இருப்பதையெல்லாம் பிடிக்கும். ஆசிரியர் ஒருவர் அந்தக் கணினியில் தம் மின்னஞ்சலைத் திறந்து, கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருந்தார் என்றால், அந்தக் கடவுச்சொல் முப்பது கணினிகளுக்கும் போய்விடும். மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் ஒரு மூலையில் கிடந்தால் அதுவும் போய்விடும். ஆகையால் தாய்க் கணினியில் யாரும் சொந்த வேலை எதையும் செய்யக்கூடாது. உரிமத்தையும் இங்கேயே கவனிக்க வேண்டும். ஒரு கணினிக்கு வாங்கிய விண்டோஸ் உரிமம் படிமத்தோடு சேர்ந்து பெருகிவிடாது. எத்தனை கணினிகளோ அத்தனைக்கும் உரிமை இருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. பலரும் தவறுகின்ற இடம் இது. ஒவ்வொரு கணினிக்கும் அதற்கே உரிய அடையாளங்கள் சில உண்டு. கணினியின் பெயர் அவற்றுள் ஒன்று. விண்டோஸ் உள்ளே வைத்திருக்கும் பாதுகாப்பு அடையாள எண் மற்றொன்று. லினக்ஸிலும் இயந்திர அடையாள எண், தொலைவிலிருந்து நுழைவதற்கான திறவுகோல்கள் ஆகியவை இருக்கின்றன. அப்படியே படிமம் எடுத்தால் முப்பது பேரிடமும் ஒரே எண் கொண்ட அடையாள அட்டை இருப்பதைப் போன்ற நிலை வந்துவிடும். இதைத் தடுக்க விண்டோஸில் சிஸ்பிரெப் என்ற கருவி இருக்கிறது. படிமம் பிடிப்பதற்கு முன் அதை இயக்கினால், கணினிக்கே உரிய அடையாளங்களை அது அழித்துவிடும். பிறகு ஒவ்வொரு பிள்ளைக் கணினியும் முதன்முறை எழும்போது தனக்கென்று புதிய எண்ணை உண்டாக்கிக்கொள்ளும்.

'அடையாள எண் ஒன்றாக இருந்தால் பெரிய கேடு எதுவும் இல்லை' என்று பலர் நீண்ட காலம் கருதி வந்தார்கள். 2009இல் மார்க் ருசினோவிச் என்ற வல்லுநரும், அந்த எண்ணை மாற்றுவதற்காகத் தாம் எழுதிய மென்பொருளை இனித் தேவையில்லை என்று நிறுத்திவிட்டார். ஆயினும், படிமம் எடுக்கும்போது சிஸ்பிரெப் கட்டாயம் என்பதே மைக்ரோசாஃப்டின் விதியாக இருந்து வந்தது. 2025 ஆகஸ்டு மாத இறுதியிலிருந்து வெளிவந்த விண்டோஸ் 11 புதுப்பிப்புகள் அந்த எண்களைக் கண்டிப்பாகச் சரிபார்க்கத் தொடங்கின. அதன் விளைவாக, ஒரே எண்ணோடு குளோன் செய்யப்பட்ட கணினிகள் ஒன்றையொன்று ஏற்க மறுத்தன. பகிர்ந்த கோப்புகளைத் திறக்க முடியவில்லை. தொலைவிலிருந்து நுழைய முடியவில்லை. குறுக்கு வழியில் எடுத்த படிமத்தின் குற்றம் பல ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டது.

தாய்க் கணினி தயாராகிவிட்டது. இனி அதை அணைத்துவிட்டு, குளோன்சில்லா போன்ற மென்பொருளை வைத்த ஒரு விரலியிலிருந்து அதை எழுப்ப வேண்டும். இயங்குதளம் உறங்கும்போதுதான் அதன் வட்டை அசையாமல் படம் பிடிக்க முடியும். வட்டில் எழுத்து உள்ள பகுதிகளை மட்டும் எடுத்து, அழுத்திச் சுருக்கி, வெளிவட்டு ஒன்றில் சேமிக்கிறது மென்பொருள். அதனால் 250 ஜிகாபைட் வட்டின் படிமமும் 20 ஜிகாபைட்டுக்குள் அடங்கக் கூடும். பிடித்து முடிந்ததும் படிமம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் வசதியும் அதில் உண்டு. அதைத் தவிர்க்க வேண்டாம்.

அந்தப் படிமத்தை முப்பது கணினிகளுக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது? விரலியை ஒவ்வொன்றாகச் செருகிச் செய்யலாம். பள்ளியின் உள்வலை வழியாக அனுப்புவது அதைவிட நல்லது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். விநாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள பழைய வலையில் 20 ஜிகாபைட்டை அனுப்ப ஏறத்தாழ 1,600 விநாடி, அதாவது 27 நிமிடம் ஆகும். முப்பது கணினிகளுக்கும் தனித்தனியே அனுப்பினால் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஆனால் நான் இப்போது என்ன செய்கிறேன்? ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே இந்த உரையை வாசிக்கவில்லை. ஒருமுறை பேசுகிறேன், வானொலிப் பெட்டியைத் திறந்து வைத்திருக்கும் அனைவரும் கேட்கிறீர்கள். வலையிலும் அப்படிச் செய்யலாம். படிமத்தை ஒரே ஒருமுறை ஒலிபரப்புவதைப் போல அனுப்ப, முப்பது கணினிகளும் ஒரே நேரத்தில் பெற்றுக்கொள்ளும். அப்போது அதே 27 நிமிடமோ சற்று மிகுதியாகவோ போதும்.

இறக்குவதற்கு முன் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, படிமத்தை இறக்கும்போது அந்த வட்டில் முன்பு இருந்தவை அனைத்தும் அழிந்துவிடும். மாணவர்களின் வேலைகள் இருந்தால் முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். மற்றொன்று, தாய் வட்டை விடச் சிறிய வட்டில் படிமம் பொதுவாக இறங்காது. ஆகவே, இருக்கின்ற கணினிகளில் சிறிய வட்டு உள்ளதையே தாயாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஒட்டுக் கன்றில் வேர் வேறு, மேல்மரம் வேறு என்று முன்பு சொன்னேன். கணினியில் வன்பொருள்தான் வேர். ஒரே படிமத்தை வேறு வேறு நிறுவனங்களின் கணினிகளில் இறக்கினால், ஒன்றில் ஒலி வராது. மற்றொன்றில் வலை இணையாது. அந்தந்த வன்பொருளுக்கு உரிய இயக்கி மென்பொருள்களைச் சேர்த்தால் இந்தக் குறை தீரும்.

நேயர்களே, இதுவரை இந்த முறையின் சிறப்பைச் சொன்னேன். இதில் உள்ள ஆபத்தையும் சொல்ல வேண்டும். அதற்கு மறுபடியும் ரப்பர்த் தோட்டத்துக்குப் போவோம்.

இலங்கையில் ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்ற குளோன் நன்றாகப் பால் தருகிறது என்று விரும்பிப் பயிரிட்டார்கள். 1980களில் கொரினஸ்போரா என்ற பூஞ்சை நோய் வந்தது. ஒரே குளோன் என்பதால் எல்லா மரங்களுக்கும் ஒரே பலவீனம். இலைகள் உதிர்ந்து தோட்டங்கள் மொட்டையாயின. நட்ட மரங்களைப் பிடுங்கி எறிய வேண்டிய நிலை வந்தது. நம் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் புதிய குளோன்களைத் தரம் பிரித்து, இன்னும் சோதனையில் இருப்பவற்றைச் சிறிய பரப்பில் மட்டும் நடுமாறு அறிவுரை கூறி வந்ததன் அருமை இதிலிருந்து விளங்கும்.

கணினி உலகிலும் இப்படி ஒரு நாள் வந்தது. 2024 ஜூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்று, உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை எழ முடியாமல் முடக்கியது. அந்த எண்ணிக்கையை மைக்ரோசாஃப்டே வெளியிட்டது. நம் நாட்டில் ஏர் ஏசியா விமானப் பயணிகள் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். அது படிமத்தால் வந்த கோளாறு அன்று. ஆனால் பாடம் ஒன்றுதான். எல்லா இயந்திரங்களும் ஒன்றுபோல் இருந்து, எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் ஒன்றை அனுப்பினால், பிழையும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். அன்று பல இடங்களில் பணியாளர்கள் ஒவ்வொரு கணினியாகச் சென்று கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆகவே, புதிய படிமத்தை முதலில் இரண்டு கணினிகளில் மட்டும் இறக்கி, ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். குறை இல்லை என்று கண்ட பிறகு மற்றவற்றுக்குக் கொடுங்கள்.

ஜெலாப்பாங் என்ற மலாய்ச் சொல்லுக்கு நெற்களஞ்சியம் என்று பொருள். கெடா மாநிலத்தை நாட்டின் 'ஜெலாப்பாங் பாடி' என்று அழைப்பதை நேயர்கள் அறிவீர்கள். களஞ்சியத்தில் உண்பதற்கு வைக்கும் நெல் வேறு, விதைநெல் வேறு. பஞ்ச காலத்திலும் விதைநெல்லில் உழவர் கை வைக்க மாட்டார். நீங்கள் எடுத்த படிமமும் விதைநெல்தான். அதை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒன்று பள்ளியில் இருக்கட்டும். இன்னொன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். எந்தத் தேதியில் எடுத்தது, எந்த இயங்குதளம், எந்தெந்தச் செயலிகள் என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு ஒட்டுங்கள். எடுத்தவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருபவர் அதைக் கொண்டு வேலை செய்ய முடியும்.

விதைநெல்லும் பழசாகும் என்பதை மறக்கலாகாது. ஓராண்டுக்கு முன் எடுத்த படிமத்தில் ஓராண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இல்லை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கி வந்த வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அந்தக் காலத்துப் படிமத்தையே இன்றும் இறக்கிக்கொண்டிருந்தால், மூடப்படாத ஓட்டைகளையும் சேர்த்தே முப்பது கணினிகளுக்கும் கொடுக்கிறோம் என்று பொருள். ஆண்டுக்கு இருமுறையாவது, பள்ளி விடுமுறையின்போது, தாய்க் கணினியைப் புதுப்பித்துப் புதிய படிமம் எடுப்பது நலம்.

இன்னும் ஒன்று. படிமம் இருக்கிறது என்பதற்காக அன்றாட வேலைகளைச் சேமிக்காமல் இருந்துவிடக் கூடாது. படிமம் எடுத்த நாளில் இருந்த நிலைதான் திரும்பக் கிடைக்கும். நேற்று எழுதிய கட்டுரை அதில் இராது. அவரவர் கோப்புகளைத் தனியே வேறொரு வட்டில் சேமித்து வருவது எப்போதும் வேண்டியதே.

வீட்டில் ஒரே ஒரு கணினி வைத்திருப்பவர்களுக்கும் இந்த உரை பொருந்தும். புதிய கணினி வாங்கி, வேண்டியவற்றை நிறுவி, அது நன்றாக ஓடும் நிலையில் ஒரு படிமம் எடுத்து வெளிவட்டில் வைத்துவிடுங்கள். பின்னொரு நாள் நச்சுநிரல் தாக்கினாலும் வட்டு பழுதானாலும், ஒரு மணி நேரத்துக்குள் பழைய நல்ல நிலைக்குத் திரும்பலாம். வீட்டுக் கணினியில் இது வசதி. பள்ளிக்கூடத்தில் இது பிள்ளைகளின் படிப்பு. கணினிக் கூடத்தைப் பழுது பார்க்கும் ஆள் எப்போது வருவார் என்று வாரக் கணக்கில் கதவைப் பூட்டி வைத்திருக்கும் பள்ளிக்கும், திங்கட்கிழமை காலையில் கெட்டதைச் செவ்வாய்க்கிழமை காலைக்குள் மீட்டுவிடும் பள்ளிக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் பணத்தால் வருவதில்லை. அலமாரியில் சோதித்துப் பார்த்த படிமம் ஒன்று இருக்கிறதா, இல்லையா என்பதைப் பொறுத்தே அது அமைகிறது.

வரும் பள்ளி விடுமுறைக்குள், உங்கள் கணினிக் கூடத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று ஆசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். இல்லையென்றால், ஒரு நல்ல தாய்க் கணினியிலிருந்து தொடங்குங்கள்.